கற்பித்தல் முறை நூல்கள்: எந்தப் பாடத்துக்கு எதை வாங்குவது?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் யாராவது ஒருவர் என்னிடம் வந்து நிற்பார். "சார், கணக்கு நடத்துறதுக்கு நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க." கடைக்குப் போனால் அலமாரி நிறைய இருக்கிறது, இணையத்தில் தேடினால் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை என்பார்கள். பி.எட். படிக்கும் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்குத் தேர்வு என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி முதல் வருஷத்திலேயே வந்தது. ஏழாம் வகுப்பு, பின்னக் கூட்டல். ஒரு மாணவி கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினாள். தப்பு என்றேன். அவள் விடவில்லை. "சார், எங்க பெஞ்சுல ரெண்டு பேர்ல ஒருத்தி நோட்டு கொண்டு வரலை. பின் பெஞ்சுல மூணு பேர்ல ஒருத்தி கொண்டு வரலை. மொத்தம் அஞ்சு பேர்ல ரெண்டு பேர் கொண்டு வரலை. அப்ப 2/5 சரிதானே?"

நான் வாயடைத்து நின்றேன். அவள் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. அவள் எடுத்துக்கொண்ட இரண்டு பின்னங்களும் வேறு வேறு முழுமையின் பங்குகள். பின்னக் கூட்டலோ ஒரே முழுமையின் பங்குகளைச் சேர்ப்பது. இதை அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை. அன்று இரவு பி.எட். படித்தபோது வாங்கிய கணிதம் கற்பித்தல் நூலைப் புரட்டினேன். விதிவருமுறை, விதிவிளக்கு முறை, பகுப்பாய்வு முறை, தொகுப்பு முறை, எல்லாவற்றுக்கும் இலக்கணம், நிறைகள், குறைகள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. பின்னம் கூட்டும்போது பிள்ளை எங்கே இடறும் என்று ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு நூல் தேர்வு செய்யும் விதத்தையே மாற்றிக்கொண்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவதும் பெரியதும் இதுதான்: நூல் பாடத்துக்கு உள்ளே போகிறதா? 1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது ஒன்று, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்குப் புரியவைக்கும் அறிவு என்பது மூன்றாவது. எந்த உதாரணம் எடுபடும், எந்த உதாரணம் குழப்பும், பிள்ளைகள் வழக்கமாக எங்கே தப்பு செய்வார்கள் என்பதெல்லாம் அந்த மூன்றாவதில் சேரும். ஒரு கற்பித்தல் முறை நூலில் நாம் தேடவேண்டியது அதைத்தான்.

இரண்டாவது, தமிழில் யோசிக்கும் பிள்ளைக்குப் பொருந்துகிறதா? 2/3 என்பதை நாம் 'மூன்றில் இரண்டு' என்று சொல்கிறோம். வாயில் முதலில் வருவது பகுதி, எழுதும்போது மேலே வருவது தொகுதி. "மூன்றில் இரண்டு எழுது" என்றால் ஐந்தாம் வகுப்பில் சிலர் 3/2 என்று எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையில் கை எழுதுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த நூலிலும் இந்தத் தப்பு இருக்காது, ஏனென்றால் அந்த மொழியில் இது வராது. மொழிபெயர்ப்பு நூல்களிலும் இருக்காது.

மூன்றாவது, நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம், ஒரு கரும்பலகை. இதற்குள் செய்ய முடிகிறதா?

நான்காவது செலவு. அட்டையில் போட்ட விலையைச் சொல்லவில்லை. அச்செடுக்கும் செலவு, நாமே மொழிபெயர்த்துக்கொள்ளும் நேரம், பாடநூல் மாறினால் வீணாகும் பக்கங்கள் எல்லாம் சேர்த்துத்தான்.

இந்த நாலையும் ஒரே நேரத்தில் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் பாடத்தில் உங்களைத் திணறடித்த ஒரு பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னக் கூட்டல். நூலைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய், பிள்ளை என்ன தப்பு செய்வான், ஏன் செய்வான் என்று ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம்.

## பி.எட். பாடத்திட்டத்தை ஒட்டிய தமிழ் நூல்கள்

கடையில் முதலில் கண்ணில் படுபவை இவைதான். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அலகு அலகாக எடுத்து, வரையறை, வகை, நன்மை, தீமை என்று எழுதியிருப்பார்கள். பாடத்தைப் படிப்படியாக நகர்த்தும் ஹெர்பார்ட்டின் படிகள், சிலரை மட்டும் வைத்துச் சிறு பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல், வினாத்தாள் திட்ட வரைபடம் எல்லாம் ஒரே இடத்தில், தமிழில் கிடைக்கும். தேர்வுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு மட்டும் 30. அதற்குத் தயாராவோருக்கும் கலைச்சொற்கள் மனதில் நிற்க இவை உதவும்.

முதல் அளவுகோலில்தான் இவற்றில் பல விழுந்துவிடுகின்றன. கணிதம் கற்பித்தல், அறிவியல் கற்பித்தல், சமூக அறிவியல் கற்பித்தல் என மூன்று நூல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதே அத்தியாயங்கள், பாடத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும். இரண்டு பாடத்துக்கு இரண்டு நூல் வாங்குபவர் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார்.

பதிப்பு ஆண்டையும் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகளுக்குப் பிறகு, 2015இலிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பானது. அதற்கு முந்தைய ஒரு வருஷப் படிப்புக்கு எழுதிய நூல் புது அட்டையோடு இன்னும் விற்பனைக்கு வருகிறது.

## என்.சி.இ.ஆர்.டி., இக்னோ பாடநூல்கள்

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி., பி.எட். மாணவர்களுக்காகவே கணிதம் கற்பித்தலுக்கு ஒரு நூலும், அறிவியல் கற்பித்தலுக்கு இரண்டு பாகமும் வெளியிட்டிருக்கிறது. இணையதளத்தில் இலவசம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பி.எட். பாடங்களும் அதன் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம் என்று பாடவாரியாகத் தனித்தனித் தொகுதிகள். சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, நடுநடுவே நம்மையே கேள்வி கேட்டு நகரும் நடை. தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு அது சௌகரியம்.

2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்தோடு வெளிவந்த, தலைப்புக்கு ஒரு குழுவாக எழுதிய 21 நிலை அறிக்கைகளையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். கணிதம் கற்பித்தலுக்கான குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பிள்ளையின் சிந்தனையே கணித வழியில் பழகவேண்டும், அதுதான் நோக்கம் என்று அந்த அறிக்கை வைக்கிறது. கணக்கைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவதையும் தோற்பதையும் நேருக்கு நேர் பேசுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம்.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். செல்போன் திரையில் பி.டி.எஃப். படித்தால் பத்தாவது பக்கத்தில் கண் வலிக்கும். முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்தால் விலை கொடுத்து வாங்கும் நூலைவிடக் கூடும். எனக்கு வேண்டிய அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்வேன். ஆங்கிலத்தில் படித்ததை வகுப்பில் தமிழில் சொல்ல ஒரு நாள் முன்கூட்டியே உட்காரவேண்டும், அந்த நேரமும் கணக்கில் வரும். பி.எட். முடித்து ஓரிரு வருஷம் நடத்திப் பார்த்தவருக்கு இவை நன்றாகப் பயன்படும். நடத்திப் பார்க்காமல் படித்தால் பாதி வரிகள் வெறும் வார்த்தையாகவே கடந்துபோகும்.

## அரசின் ஆசிரியர் கையேடுகள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தரும் கையேடுகளைப் பலர் 'மேலிருந்து வந்த வேலை' என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்வது என்று நாள்வாரியாகக் கொடுத்தார்கள். தமிழில், நம் பாடநூலுக்கு நேராக, காசில்லாமல். இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்களில் இவற்றை மிஞ்ச வேறு எதுவும் இல்லை.

'என்ன செய்' என்று சொல்லும் அளவுக்கு 'ஏன் செய்' என்று இவை சொல்வதில்லை. செயல்பாடு எடுபடாமல் போனால் அடுத்து எங்கே திரும்புவது என்று தெரியாது. பாடநூலோ திட்டமோ மாறினால் கையேட்டின் கதை முடிந்தது. தொடக்கப் பள்ளியில் முதல் வருஷம் நிற்பவர் வேறு எதையும் வாங்கவேண்டாம், கையேட்டை வைத்து ஓட்டுங்கள். ஓரத்தில் பென்சிலால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று பருவத்துக்குப் பின் அந்தக் குறிப்புகளே உங்களுக்கு உதவத் தொடங்கும்.

## செய்முறைத் தொகுப்புகள்

இந்த வகைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாடுகளின் பள்ளிகளில் அறிவியல் கருவிகள் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆசிரியர்களுக்காக ஜே.பி. ஸ்டீபன்சன் எழுதிய ஒரு சிறு கையேட்டை 1948இல் யுனெஸ்கோ வெளியிட்டது. அதை விரிவாக்கி 1956இல் வந்ததுதான் யுனெஸ்கோவின் அறிவியல் கற்பித்தல் மூலநூல். தகர டப்பா, பாட்டில், நூல், மெழுகுவர்த்தி இவற்றை வைத்தே நூற்றுக்கணக்கான செய்முறைகள். நம்மூரில் 1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டமும் இதே வழிதான். அதில் தொடக்க காலத்தில் பங்கெடுத்த அரவிந்த் குப்தா தீப்பெட்டி, சைக்கிள் வால்வு டியூப் என்று கிடைத்ததை வைத்துப் பொம்மைகள் செய்து காட்டிவருபவர். அவருடைய இணையதளத்தில் நூல்கள் இலவசம், தமிழிலும் சில உண்டு.

அறிவியல் ஆசிரியருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். ஆனால் வாங்கும் முன் ஒரு செய்முறையை மட்டும் தேடிப் படியுங்கள். தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும். 'ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியது' என்று அந்த நூல் முடித்திருந்தால் கவனமாக இருங்கள். சுடர் அணையும்போது உள்ளே இருந்த ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது, அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுவதற்கு அதுதான் பெரும் காரணம். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எத்தனை மெழுகுவர்த்தி வைத்தாலும் ஒரே அளவுதானே ஏறவேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் நூல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மறைமுகச் செலவு நேரம்தான். முந்தின நாள் செய்து பார்க்காமல் வகுப்பில் இறங்கக்கூடாது. பொருள் சேர்க்க, எட்டுக் குழுவாக உட்காரவைக்க, முடிந்தபின் துடைக்க என்று ஒரு பாடவேளை பறந்துவிடும்.

## ஆசிரியர் அனுபவ நூல்கள்

குஜராத் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' இந்த வகையில் முதலில் நிற்பது. குஜராத்தியில் 1930களில் எழுதப்பட்டது, தமிழில் கிடைக்கிறது. நான்காம் வகுப்பை ஒரு வருஷம் தன் விருப்பப்படி நடத்திப் பார்க்க அனுமதி வாங்கும் ஒரு ஆசிரியரின் கதை. முதல் நாள் அமைதி விளையாட்டு ஒன்றை முயன்று, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் அதைப் படித்தது மூன்றாவது வருஷம், வேலையை விட்டுவிடலாமா என்று இருந்த நேரத்தில். முதல் நாள் தோற்றதை மறைக்காமல் எழுதியிருந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஆனால் திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு இந்த வகையிலிருந்து நேராக எதையும் எடுத்துப் போகமுடியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்படி நாலு நூலைத் தொடர்ந்து படித்துவிட்டு வகுப்புக்குப் போனால் நம் பிள்ளைகள் மேல், நம் பள்ளி மேல் ஒரு சலிப்பு வரும். அவர்களுக்கு நடந்தது நமக்கு ஏன் நடக்கவில்லை என்று தோன்றும். ஒன்றைப் படித்து, இடைவெளி விட்டு இன்னொன்று படிப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| வகை | பாடத்துக்குள் போகிறதா | தமிழ் வகுப்புக்குப் பொருந்துமா | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பி.எட். பாடத்திட்ட நூல் | குறைவு | மொழி தமிழ், உதாரணம் பொது | ஒரே விஷயம் இரண்டு முறை | தேர்வு எழுதுபவருக்கு |
| என்.சி.இ.ஆர்.டி., இக்னோ | ஓரளவு முதல் நன்று வரை | நாமே மாற்றிக்கொள்ள வேண்டும் | அச்சு, மொழிபெயர்க்கும் நேரம் | நடத்திய அனுபவம் உள்ளவருக்கு |
| அரசுக் கையேடு | செயல் உண்டு, காரணம் குறைவு | மிக நன்று | பாடநூல் மாறினால் பயனில்லை | முதல் வருஷத் தொடக்கநிலை ஆசிரியருக்கு |
| செய்முறைத் தொகுப்பு | நூலுக்கு நூல் மாறும் | பொருள் கிடைத்தால் பொருந்தும் | தயாரிப்பு நேரம் | அறிவியல் ஆசிரியருக்கு |
| அனுபவ நூல் | இல்லை | மனதுக்குப் பொருந்தும் | நாளைய பாடத்துக்கு உதவாது | சோர்ந்தவருக்கு |

## அப்புறம், பாடவாரியாக

கணக்கு. நிலை அறிக்கை, அதற்குப் பின் இக்னோவில் உங்களைத் திணறடிக்கும் அலகு மட்டும். அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012இலிருந்து வெளியிடும் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இதழும் இணையத்தில் இலவசம். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வகுப்பறைக் கோணத்தில் அலசும் கட்டுரைகள் அதில் வரும். புத்தகத்தைவிட இதழ் கணக்கு ஆசிரியருக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். எட்டாம் வகுப்புக்கு மேல் நடத்துபவர்கள் 1945இல் வந்த, கணித அறிஞர் ஜார்ஜ் போல்யாவின் 'ஹவ் டு சால்வ் இட்' நூலை ஒருமுறையாவது படியுங்கள். கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற நாலு படிகள் எங்கிருந்து வந்தன என்று தெரியும்.

தமிழ். இங்கே நிலைமை தலைகீழ். மற்ற பாடங்களில் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தமிழுக்குத் தமிழில்தான் தேடவேண்டும். ட, ப, ம என்று வடிவத்தில் எளிய எழுத்திலிருந்து தொடங்குவதா, அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் போவதா? ல, ள, ழ வேறுபாட்டைக் காதில் பதியவைத்த பிறகு எழுத்துக்கு வருவதா? வீட்டில் பேசும் தமிழிலிருந்து நூல் தமிழுக்குப் பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது? இவற்றைப் பேசாத நூல் தமிழாசிரியருக்குப் பயன்படாது. பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவத்தோடு எழுதிய 'தமிழ் பயிற்றும் முறை' பல பத்தாண்டுகளுக்கு முந்தையது. நடை பழையது, மதிப்பீட்டுப் பகுதிகளுக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் செய்யுளை, உரைநடையை, இலக்கணத்தை, கட்டுரையைத் தனித்தனியாக எடுத்துப் பேசும் பொறுமை அதில் இருக்கிறது. புது நூல்களைத் தேர்வுக்கு வைத்துக்கொண்டு, இதை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.

ஆங்கிலம். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உட்படத் தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு ஒரு சோதனை செய்தார். இலக்கண விதியை நடத்தாமல், ரயில் அட்டவணையைப் படித்து விடை கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்ற பணிகள் வழியாக ஆங்கிலம். 1987இல் அதை 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' என்று நூலாக எழுதினார். நம் வகுப்பறை போன்ற வகுப்பறைகளிலிருந்து கிளம்பி உலகமெங்கும் பேசப்பட்ட நூல் அது. மேல்நாட்டு ஆங்கிலக் கற்பித்தல் நூல்களுக்குப் பெரும் விலை கொடுக்கும் முன் இதைத் தேடுங்கள்.

சமூக அறிவியல். தனி நூல் வாங்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நிலை அறிக்கையைப் படித்துவிட்டு, மீதிப் பணத்தில் உங்கள் மாவட்ட வரலாறு ஒன்றை வாங்குங்கள். ஊர் ஏரியை, நடுகல்லை, சந்தையை வைத்து நடத்த அது உதவும்.

## வாங்கும் முன் நூலகம்

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், பக்கத்து ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் நூலகம், எதுவானாலும் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பலர் கல்வியியல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறை உள்ள நூலகத்தில் பொதுவான கற்பித்தல் முறைகள் 371.3இல் இருக்கும். தொடக்கநிலைக் கணக்கு 372.7, தொடக்கநிலை அறிவியல் 372.35, மொழி 372.6. ஆனால் உயர்நிலைக் கணிதம் கற்பித்தல் கணித அடுக்கிலேயே 510.71இல், அறிவியல் கற்பித்தல் 507.1இல், வரலாறு கற்பித்தல் 907.1இல் நிற்கும். ஆங்கிலத்துக்கு 428ஐப் பாருங்கள். இந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கூடவே உங்களைத் திணறடித்த அந்த ஒரு பாடத்தின் பெயரையும்.